அக்கா சொன்னால் சரி

கடைத்தெருத் தையல்காரர்கள் எல்லோருக்கும் அவள் பட்டனம்மா. பட்டன் கடையின் சுவர் முழுக்கச் சின்னச் சின்ன இழுப்பறைகள். எதன்மேலும் பெயர் எழுதியிருக்காது. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் எது எங்கே என்று சொல்லிவிடுவாள். அதில் அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. "பேரு எழுதி ஒட்டிட்டா அப்புறம் நான் எதுக்கு?" என்பாள் முதலாளியிடம்.

அப்படிப்பட்டவள் ஒருநாள், கோட்டுப் பட்டன் கேட்டவரிடம் கொக்கியை எடுத்து நீட்டிவிட்டாள்.

"என்ன பட்டனம்மா, யாரு ஞாபகம்?" என்று தையல்காரர் சிரித்தார். இவளும் சிரித்துவைத்தாள். உள்ளுக்குள் உதறல் எடுத்துவிட்டது. அவளுடைய அம்மாவுக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. டம்ளர் கேட்டால் சீப்பைக் கொண்டுவருவாள். கடைசியில் பெற்ற மகளையே, "சிஸ்டர், என்னை எப்ப வீட்டுக்கு அனுப்புவீங்க?" என்று கேட்டாள். சொல்லிவைத்தாற்போல் இவளுக்கும் இப்போது அதே வயசு.

போய்ப் பார்த்தபோது டாக்டர் அலட்டிக்கொள்ளவில்லை. தினமும் பழைய சம்பவம் ஒன்றை நிறம், வாசனை, யார் என்ன பேசினார்கள் என்று முழுசாக நினைத்துப் பார்க்க வேண்டும். அப்போது கூட இருந்த யாரிடமாவது சொல்லிச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். அதுதான் பயிற்சி என்றார். கூட இருந்தவர் என்றால் அக்காவை விட்டால் வேறு யார்? பக்கத்து ஊரில் தனியாக இருக்கிறாள். ரிட்டயர் ஆன டீச்சர். தப்புக் கண்டுபிடிக்கச் சொன்னால் அவளுக்குச் சாப்பாடே வேண்டாம்.

காலையில் கடை திறந்ததும் போன். முதலில் எல்லாம் நன்றாகத்தான் போயிற்று. பிறகு அக்கா திருத்த ஆரம்பித்தாள். "அந்த வீட்டுக் கதவு பச்சை இல்ல பாப்பா, நீலம்." "அப்பா எங்க சைக்கிள்ல வந்தாரு? நடந்துல்ல வந்தாரு!" திருத்தம் கூடக்கூடப் பட்டனம்மா ஒவ்வொரு இழுப்பறையையும் இரண்டு தடவை பார்த்துவிட்டே எடுத்துக் கொடுத்தாள். ஒருநாள் கூட்டமில்லாத நேரமாகப் பார்த்து, எல்லா இழுப்பறைகளிலும் பெயர் எழுதி ஒட்டினாள். அழுதுகொண்டேதான் ஒட்டினாள்.

அப்புறம்தான் ஊஞ்சல் விவகாரம் வந்தது. பள்ளிக்கூட ஊஞ்சலிலிருந்து தான் விழுந்ததையும், மோவாய் பிளந்ததையும், அம்மா துண்டால் அழுத்திப் பிடித்தபடி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியதையும் சொன்னாள்.

"விழுந்தது நான்டி," என்றாள் அக்கா. "நீ அப்போ கைக்குழந்தை."

"இல்லக்கா, எனக்குத்தானே தையல் போட்டாங்க..."

"பாப்பா, மறுபடியும் டாக்டரைப் போய்ப் பாரு. எனக்குப் பயமா இருக்கு."

போனை வைத்தவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அக்கா பட்ட அடியைத் தான் பட்டதாக நினைக்கிற அளவுக்கு முற்றிவிட்டதா? சட்டைமேல் பட்டனை வைத்துப் பார்ப்பதற்காகக் கடையில் ஒரு கண்ணாடி உண்டு. அதன் முன்னால் போய் நின்றாள். தினமும் பார்க்கிற முகம்தான், ஆனாலும் அன்று அவளுக்குத் தன்மேலேயே நம்பிக்கை இல்லை. மெல்ல மோவாயைத் தூக்கினாள்.

தழும்பு இருந்தது. தையல் போட்ட தடம்கூட விரலில் தட்டுப்பட்டது. போன உயிர் திரும்பி வந்தது. அட, எனக்கு ஒன்றுமில்லை! வாய்விட்டுச் சிரித்தாள்.

சிரிப்பு பாதியில் நின்றுபோயிற்று. ஊஞ்சலில் விழுந்தது தான் என்றால், கதவும் பச்சைதான். அப்பா வந்ததும் சைக்கிளில்தான். அப்படியானால் இத்தனை நாளாகத் தப்பு யாருடையது? இதுவரை பட்டதெல்லாம் ஒரு பயமா என்று தோன்றிவிட்டது அவளுக்கு. வீட்டில் அக்கா தனியாக இருக்கிறாள். அடுப்பு இருக்கிறது, மாத்திரைகள் இருக்கின்றன, ரோட்டைப் பார்த்த வாசல் இருக்கிறது. அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள்.

போன் அடித்தது. அக்காதான்.

"அழறியா? சரி, இப்பச் சொல்லு. ஊஞ்சல்ல விழுந்தது யாரு?"

பட்டனம்மா மோவாய்த் தழும்பை இன்னொரு தடவை தடவிப் பார்த்தாள். "நீதான்க்கா. நான்தான் மாத்திச் சொல்லிட்டேன். மத்தியான பஸ்ஸுல அங்க வரேன். கொஞ்ச நாள் உன்கூடவே இருக்கேனே."

"வா வா," என்றாள் அக்கா. "இதுக்கெல்லாம் பயப்படலாமா? நீ மறந்தா என்ன? எனக்குத்தான் எல்லாம் ஞாபகம் இருக்கே."