என் தாலாட்டை அவள் பாடினாள்

எனக்காகக் கட்டிய பாட்டை இன்னொருத்திக்குச் சொல்லிக்கொடுக்க அம்மாவுக்கு எப்படி மனசு வந்தது?

நான் கைக்குழந்தையாக இருந்தபோது அம்மாவே நீலாம்பரி ராகத்தில் கட்டிய தாலாட்டு அது. கீர்த்தனை இயற்றுகிறவர்கள் கடைசியில் தங்கள் பெயரை முத்திரையாக வைப்பார்கள். அம்மா அந்த இடத்தில் என் செல்லப் பெயரை வைத்தாள். ஆனால் எனக்கு வாய்த்ததோ சுருதி சேராத தொண்டை. டத்தோ கிராமாட் பகுதியிலுள்ள எங்கள் வீட்டுக் கூடத்தில் ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் பாட்டு கிளாஸ் நடத்துகிறவள், என்னை மட்டும் ஒரே வருஷத்தில் கைகழுவிவிட்டாள்.

நிபோங் திபாலிலிருந்து சனிக்கிழமைதோறும் ஒருத்தி வருவாள். நல்ல குரல்தான், இல்லையென்று சொன்னால் என் நாக்கு அழுகிப்போகும். அவள் வந்துவிட்டால் அம்மாவுக்குத் தலைகால் புரியாது. ஒருநாள் நான் அடுப்படியில் நிற்க, கூடத்தில் அவள் என் தாலாட்டின் பல்லவியைத் தொடங்கினாள். கரண்டியைத் தொட்டியில் வீசினேன். கேட்கட்டும் என்றுதான் வீசினேன். பாட்டு நிற்கவில்லை. அதன்பிறகு சனிக்கிழமைகளில் கிளாஸ் முடியும்வரை பாசார் கடைகளிலேயே சுற்றிக்கொண்டிருந்தேன்.

நவராத்திரிக்குக் கோயிலில் அவள் அதைப் பாடினாள். என் பெயர் அவள் வாயில் வந்த நிமிடமே எழுந்து போய்விடுவதென்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கடைசி வரி வந்தது. என் பெயர் வரவில்லை. அந்த இடத்தில் "தாயே" என்று அம்பாளை அழைத்து முடித்தாள். எல்லோரும் கைதட்டினார்கள், அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்கு வயிறு பற்றி எரிந்தது. பாட்டும் போயிற்று, பெயரும் போயிற்று.

காரில் ஏறியதும் கேட்டுவிட்டேன்.

"என் பேர ஏம்மா எடுத்தீங்க? அந்தப் பொண்ணு வாய்க்கு அது ஒத்துவரலையா?"

அம்மா சீட் பெல்ட்டை இழுத்து மாட்டினாள்.

"பாட்ட யாரு வேணும்னாலும் பாடட்டும் லா. அந்தப் பேரச் சொல்லி உன்னத் தூங்க வச்சவ நான் ஒருத்திதான். அத எப்படி அடுத்தவ வாயில கொடுப்பேன்?"

"அப்படின்னா இப்போ பாடுங்க."

நாற்பத்தைந்து வயதில் கொஞ்சமும் வெட்கமில்லாமல் கேட்டேன். அம்மா ஏர்கோனைக் குறைக்கச் சொல்லிவிட்டுக் கடைசி வரியை மட்டும் பாடினாள். குரல் கரகரத்தது, மேல் ஸ்தாயி எட்டவேயில்லை. அந்தப் பெண் கோயிலில் இதைவிட எவ்வளவோ நன்றாகப் பாடியிருந்தாள். ஆனால் இது அவளுக்குக் கிடைக்காது என்று நினைத்தபோது என் மனசு குளிர்ந்துபோயிற்று.