அட்டையில் பெயர் இல்லாதவர்

எங்கள் வீட்டுக்கு முதல்முறை வருகிறவர்கள் கேட்பது ஒன்றுதான்: "ஏன் எல்லாரும் பூனை மாதிரி நடக்கறீங்க?" நான் பதில் சொல்வதில்லை. அந்த நேரத்தில் பெரும்பாலும் ஒரு இசைத்தட்டு ஓடிக்கொண்டிருக்கும். பேசினால் என் வீட்டுக்காரர் உதட்டில் விரலை வைப்பார்.

மாடி வீடு, பலகைத் தரை. குதிகாலை ஊன்றி ஒரு அடி வைத்தால் போதும், தட்டின் மேல் முள் ஒரு துள்ளுத் துள்ளும். யாரோ அவர் கண்ணில் குத்திவிட்ட மாதிரி அவர் முகம் சுருங்கும். அதனால் தட்டு ஓடும்போது நாங்கள் நடப்பதில்லை. நடந்தே ஆகவேண்டுமென்றால் நுனிக்காலில். நாற்காலியை இழுப்பதில்லை, அலமாரிக் கதவைச் சாத்துவதில்லை. எங்கள் மகள் சின்ன வயதிலேயே நுனிக்காலில் நடந்து பழகிவிட்டாள். பள்ளிக்கூடத்து டீச்சர் என்னைக் கூப்பிட்டு அனுப்பி, "பிள்ளைக்குக் கால்ல ஏதாவது குறையா? டாக்டர்கிட்ட காட்டினீங்களா?" என்று கேட்டார். குறை காலில் இல்லை டீச்சர், அப்பாவிடம் என்று சொல்ல வாய் வரை வந்தது.

மற்றபடி அவர் தங்கமான மனுஷர்தான். கண்ணாடிக் கடை ஒன்றின் பின்னறையில் ஆயுசு முழுக்க லென்ஸ் தேய்த்தார். தேய்த்த லென்ஸை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, கொஞ்சம் சாய்த்து, கீறல் இருக்கிறதா என்று பார்ப்பார். வீட்டுக்கு வந்தால் அதே கை, அதே சாய்வில் இசைத்தட்டைப் பிடிக்கும். கல்யாணத்துக்கு முன் என்னை முதன்முதலாகப் பார்த்தபோதும் தலையைச் சாய்த்துத்தான் பார்த்தார். கீறல் தேடினாரோ என்னவோ.

அவர் சேர்ப்பது ஜாஸ் மட்டும். முதலில் வந்தவை கேட்கிற மாதிரி இருந்தன. வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டே கேட்கலாம். பிறகு பக்தி ஜாஸ் வந்தது. அதில் மணிகள் குலுங்கும், ஒருவர் ஒரே வரியைத் திரும்பத் திரும்பச் சொல்வார், சாக்ஸபோன் மேலே மேலே ஏறிக் கடைசியில் கதறும். அந்தப் பழைய தட்டுகளை இப்போது கெட்டி அட்டை போட்டு மறுபதிப்பு செய்கிறார்கள். பழையது கையில் இருந்தாலும் புதியதையும் வாங்குவார்.

"இதுதான் ஏற்கெனவே இருக்கே?"

"இது மூல டேப்புலேர்ந்து எடுத்தது. வாசிக்கிறவங்க இருமுறதுகூடக் கேக்கும்."

"இருமல்தான் வேணும்னா நான் இருமறேனே."

அவருக்குச் சிரிப்பு வராது. தட்டு விஷயத்தில் மட்டும் வரவே வராது.

அதற்கும் பிறகு வந்ததுதான் இந்தச் சுதந்திர வாசிப்பு. இரண்டு பேரோ நாலு பேரோ ஒரு அறைக்குள் போய், என்ன வாசிக்கப் போகிறோம் என்று பேசிக்கொள்ளாமலே ஆரம்பித்துவிடுவார்கள். மெட்டும் கிடையாது, தாளமும் கிடையாது. ஒருவர் சாக்ஸபோனை ஊதாமல் அதன் பொத்தான்களை மட்டும் தட்டுவார். இன்னொருவர் டபுள் பேஸ் என்கிற ஆளுயர வயலினை வில்லால் அறுத்துக்கொண்டிருப்பார். "இதுல யாரும் யாருக்கும் கட்டுப்பட்டவங்க இல்ல. முழு சுதந்திரம்," என்பார் என் வீட்டுக்காரர். அதையும் கிசுகிசுவென்றுதான் சொல்வார். நான் ஒற்றைக் காலைத் தூக்கியபடி நின்று கேட்டுக்கொள்வேன்.

நான் தையல்காரி. பேன்ட் ஓரம் மடித்து அடிப்பது, ஜிப் மாற்றுவது, இடுப்பு பிடிப்பது, லாட்ஜுகளுக்குத் தலையணை உறை. அவர் வேலைக்குப் போனபின் தைப்பேன். அவர் வந்து தட்டைப் போட்டால் மெஷினை மூடிவிடுவேன். வண்டி அப்படியே ஓடியது. போன வருஷம் அவர் ஓய்வு பெற்றார். வேலை போனது எனக்கு. காலையில் எழுந்தவுடன் ஒரு தட்டு, சாப்பிட்டவுடன் ஒரு தட்டு. ஒரு பக்கம் முடிந்து அவர் தட்டைத் திருப்பி, தூசி துடைத்து, முள்ளைத் துடைக்கிற இடைவெளியில் நான் அவசர அவசரமாக ஒரு ஓரம் அடிப்பேன். முள் இறங்கினால் என் கால் பெடலை விட்டுவிடும். யாரும் சொல்ல வேண்டாம், தானாக விட்டுவிடும். அரைகுறையாக ஊசியில் மாட்டிய துணியோடு, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

"ஹெட்போன் போட்டுக்கங்களேன்," என்று கேட்டுப் பார்த்தேன்.

"சத்தம் எனக்குப் பிரச்சினை இல்ல. முள்ளுக்குத்தான் பிரச்சினை. நீ மிதிச்சா தரை ஆடுது, தரை ஆடினா மேசை ஆடுது."

முள்ளுக்கு எதிராக நான் என்ன வாதாட முடியும்?

இந்த நிலைமையில்தான் கீழ் அறை காலியானது. தெருவைப் பார்த்த அறை. ஷட்டர் கதவு, சிமெண்ட் தரை. அங்கே போட்டோ ஸ்டுடியோ வைத்திருந்தவர் காலி செய்துவிட்டுப் போனார். அன்று முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை. மெஷினைக் கீழே கொண்டுபோய்ப் போட்டால் நினைத்தபோது தைக்கலாம், சத்தமாகப் பேசலாம், தெருவில் போகிறவர்களைப் பார்க்கலாம். மாடி ஏற முடியாமல் என்னை விட்டுப்போன வாடிக்கையாளர்கள் திரும்பி வருவார்கள். அந்த அறை கிடைக்காவிட்டால் மூச்சு முட்டிச் செத்துப்போவேன் என்றே தோன்றியது.

அன்று மாலை அவர் சிரித்த முகத்தோடு மேலே வந்தார். "வீட்டுக்காரம்மாகிட்ட பேசிட்டேன். கீழ் ரூமை நாம எடுத்துக்கறோம். சிமெண்ட் தரை, முள் அசையாது. தட்டு எல்லாத்தையும் கீழ கொண்டுபோயிடறேன். நீ மேல நாள் பூரா தைச்சுக்கோ."

நியாயமான பேச்சுதான், அதுதான் வயிற்றெரிச்சல். தைக்கலாம், ஆனால் அதே நாலு சுவருக்குள்.

"எனக்கு வேணும் அந்த ரூம்," என்றேன்.

"உனக்கு எதுக்கு? மெஷினுக்கு எந்தத் தரையா இருந்தா என்ன?"

"மெஷினுக்கு இல்ல. எனக்கு."

அவருக்கு அது புரியவில்லை. இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசிக்கொள்ளவில்லை. வீட்டுக்காரம்மா படியேறி வந்து, "புருஷன் பொண்டாட்டி பேசி ஒரு முடிவுக்கு வாங்க. ஞாயித்துக்கிழமை சொல்லிடுங்க. சாவி வெட்டறவர் ஒருத்தர் ரூமைக் கேட்டுக் கேட்டுப் போறார்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் விட்டுக்கொடுக்காததற்குக் காரணம் ஒரு கேசட்.

எங்களுக்குக் கல்யாணமான புதிதில் இவருடைய சிநேகிதரான ஒரு கப்பல் சமையல்காரர் எங்கேயோ வாங்கிய ஒரு தட்டைக் கொண்டுவந்து கொடுத்தார். சாக்ஸபோனும் டபுள் பேஸும் மட்டும் வாசித்த சுதந்திர வாசிப்பு. சாயங்காலம் கப்பல் கிளம்புகிறது, அதற்குள் திருப்பித் தர வேண்டும். இவருக்கோ மதிய ஷிப்ட். முதல் பக்கத்தைக் கேசட்டில் பதியவிட்டு, "முடிஞ்சதும் திருப்பிப் போட்டுடு," என்று என்னிடம் சொல்லிவிட்டு ஓடிப்போனார். நானும் திருப்பிப் போட்டேன். தட்டு கப்பலேறிப் போனது. கேசட் வீட்டோடு தங்கிவிட்டது.

அந்தக் கேசட்டைத்தான் வருஷக் கணக்கில் கேட்டார். இரண்டாம் பக்கத்தில் ஒரு இடம் வரும். டபுள் பேஸ் ஓய்ந்துவிடும், சாக்ஸபோன் ஒரே சுரத்தை இழுத்துக்கொண்டிருக்கும். அப்போது அடியிலிருந்து ஒரு உறுமல் எழும்பும். வேகம் பிடிக்கும், சட்டென்று நிற்கும், மறுபடி எழும்பும். "டிரம்ஸ்," என்பார். "அட்டையில ரெண்டு பேரு பேர்தான் இருந்துச்சு. ஆனா மூணாவது ஆள் ஒருத்தன் அன்னிக்கு உள்ள வந்திருக்கான். பேர் போடாம விட்டுட்டாங்க. கடைசியில ரெண்டு தட்டு தட்டறான் பாரு, அதுக்கு உயிரையே குடுக்கலாம்." ஜாஸ் கேட்கிற சிநேகிதர்கள் யார் வந்தாலும் அந்த இடத்தைப் போட்டுக் காட்டுவார். அட்டையில் பெயர் இல்லாத அந்த ஆளைப் பற்றிப் பேசும்போது அவர் கண் கலங்கும். என்னைப் பற்றிப் பேசி அவர் கண் கலங்கி நான் பார்த்ததில்லை.

அந்தத் தட்டை இப்போது மறுபதிப்பு செய்கிறார்கள் என்று தெரிந்து வரவழைத்திருந்தார், அதை முள் அசையாமல் கேட்கத்தான் கீழ் அறை. வெள்ளிக்கிழமை அது வந்து சேர்ந்தது. மூல டேப்பிலிருந்து எடுத்தது. சமையல்காரர் கொண்டுவந்த தட்டுக்குப் பிறகு இப்போதுதான் அது மறுபடி கண்ணில் படுகிறது. கீழ் அறைக்குப் போய் முதன்முதலில் அதைத்தான் போடுவேன் என்று சொல்லிக்கொண்டிருந்தவர், கை பொறுக்காமல் மேலேயே போட்டுவிட்டார்.

அந்த இடம் வந்தது. சாக்ஸபோன் இழுத்தது. அடியில் ஒன்றுமே இல்லை.

முள்ளை எடுத்து மறுபடி வைத்தார். இல்லை. கேசட்டைப் போட்டார், இருக்கிறது. தட்டைப் போட்டார், இல்லை. சனிக்கிழமை மத்தியானம் வரை இதேதான். சாப்பிடவில்லை. "வெட்டிட்டாங்க. பேர் தெரியாத ஆள்தானேன்னு வெட்டி எறிஞ்சுட்டாங்க," என்றார். பிறகு சோர்ந்துபோய், "கீழ் ரூமை நீயே எடுத்துக்கோ. இனிமே எனக்கு எதுக்கு?" என்றார்.

அறை என் கைக்கெட்டும் தூரத்துக்கு வந்துவிட்டது. வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் வந்தே இருக்கும்.

ஆனால் அவர் தட்டையும் கேசட்டையும் மாற்றி மாற்றிப் போட்டதில் எனக்கு ஒன்று பிடிபட்டுவிட்டது. கேசட்டை நூறு தடவை கேட்டிருக்கிறேன். அந்த உறுமல் இல்லாமல் அந்த இடத்தை ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. இப்போது தனியாகக் காதில் விழுந்தது. நீளமாக ஒரு ஓட்டம், நிறுத்தி மூலை திருப்பல், குட்டையாக ஒரு ஓட்டம், மறுபடி மூலை, மறுபடி நீளம். கடைசியில் தையல் பிரியாமல் இருக்க முன்னும் பின்னும் இரண்டு தட்டு. தலையணை உறை! அப்போது வீட்டில் இருந்தது ஒரே மேசை. ஒரு முனையில் பிளேயர், மறு முனையில் என் மெஷின். தட்டைத் திருப்பிப் போட்டுவிட்டு நான் தைக்க உட்கார்ந்திருக்கிறேன், மெஷின் அதிர்ந்தது மேசை வழியாக முள்ளில் ஏறிக் கேசட்டில் பதிந்துவிட்டது. தரை ஆடினால் மேசை ஆடும் என்கிற சட்டமெல்லாம் அப்போது பிறக்கவில்லை.

எனக்கு வாய் சும்மா இருக்குமா? இத்தனை வருஷம் ஊரெல்லாம் அவர் புகழ்ந்தது என் கால். பெருமை தாங்கவில்லை. அவர் முகத்தைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது. மெஷினைத் தூக்கி அவர் மேசையின் மறு முனையில் வைத்தேன். ஒரு துணியை மாட்டினேன். "தட்டைப் போடுங்க," என்றேன்.

சாக்ஸபோன் இழுக்க ஆரம்பித்ததும் பெடலை அழுத்தினேன். அடியிலிருந்து உறுமல் எழும்பியது. நீளம், மூலை, குட்டை, மூலை, நீளம், இரண்டு தட்டு. தலையைத் தூக்கிப் பார்த்தேன். அவர் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். "நீயா?" என்றார். "நீயா அது?" அழுதார். எனக்கும் கண்ணீர் வந்தது. அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததில்லை.

"அட்டையில என் பேரை எழுதுங்க," என்றேன், பாதி விளையாட்டாக.

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அட்டையில எழுதினா தட்டோட மதிப்பு போயிடுமே."

மறுநாள் காலையில் எனக்கு முன்னாலேயே எழுந்து கீழே போய்விட்டு வந்தார். வெளுத்த சட்டை, படிய வாரிய தலை. "வீட்டுக்காரம்மாகிட்ட சொல்லிட்டேன். கீழ் ரூம் நமக்கு வேண்டாம்."

"நமக்குன்னா?"

"அங்க சிமெண்ட் தரை. நீ தைக்கிறது முள்ளுக்குக் கேக்காது. இங்கேயே இருப்போம். ஒரே மேசையில, அன்னிக்கு மாதிரி." எனக்கு ஏதோ நகை வாங்கி வந்த மாதிரி சிரித்தார்.

படியில் குதிகால் அதிர இறங்கி ஓடினேன். ஷட்டர் பாதி திறந்திருந்தது. சாவிக்காரர் ஸ்டூல் மேல் ஏறிப் பலகை மாட்டிக்கொண்டிருந்தார். வீட்டுக்காரம்மா, "இப்பதான் முடிச்சேன். உங்க வீட்டுக்காரர் உங்க ரெண்டு பேர் சார்பாவும்தானே சொன்னாரு?" என்றார். சண்டையை வீட்டுக்காரம்மாவிடம் போட்டுப் பிரயோஜனமில்லை. மேலே வந்து அவரிடம் போட்டேன். மணிக்கணக்கில் போட்டேன். கடைசி வரை அவருக்குப் புரிந்தது, எனக்குக் கோபம் என்பது மட்டும்தான். மகளுக்குப் போன் செய்து அழுதேன். "அம்மா, நீ இங்க வந்துடு," என்றாள். அவளிருப்பதும் மாடி வீடுதான்.

இப்போது எங்கள் வீட்டில் சட்டம் மாறிவிட்டது. அந்தத் தட்டின் இரண்டாம் பக்கத்துக்கு மட்டும் நான் தைக்கலாம், தைத்தே ஆகவேண்டும். மற்ற தட்டுகளுக்குப் பழைய சட்டம்தான். அந்த இடம் வந்ததும் அவர் கண்ணை மூடிக்கொண்டு விரலைத் தூக்குவார். நான் அழுத்துவேன். முடிந்ததும், "நேத்து மாதிரி இல்ல, இன்னிக்கு வேற மாதிரி," என்று உருகுவார். நேற்று மெல்லிய பருத்தி, இன்று கெட்டித் துணி, அவ்வளவுதான்.

நேற்றுக் காலை விரல் உயர்ந்தது. நான் பெடல் மேல் காலை வைத்தேன், அழுத்தவில்லை. இனி தைப்பதில்லை என்று தீர்மானம் செய்திருந்தேன். ஏன் தைக்கவில்லை என்று அவர் கேட்கட்டும். கேட்டால், இத்தனை வருஷம் தொண்டைக்குள் அடக்கி வைத்ததை எல்லாம் கொட்டிவிடுவது. சாக்ஸபோன் இழுத்துக்கொண்டே இருந்தது. கீழே சாவிக்காரரின் மெஷின் கிறீச்சிட்டு ஓய்ந்தது. அவர் விரல் கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. பிறகு மெல்ல இறங்கியது. கண்ணைத் திறக்காமலே தலையை ஆட்டினார்.

"ஆகா," என்றார். "இந்த இடத்துல வாசிக்காம விட்டே பாரு, அதுக்கு என் உயிரையே குடுக்கலாம்."

பெடலிலிருந்து காலை எடுத்தேன். எழுந்து போய்விட வேண்டும் போலிருந்தது. தட்டு இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. பக்கம் முடியட்டும் என்று உட்கார்ந்திருந்தேன்.