கடலைக்காய்க் குவியலில் பிள்ளை

எங்கள் பக்கத்தில் அப்போது ஒரு வழக்கம் இருந்தது. அப்பாவின் கண்ணெதிரே ஒருவன் தான் பெற்ற பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சக் கூடாது. அண்ணன் பிள்ளையைத் தூக்கலாம், பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளையைத் தூக்கலாம். தன்னுடையதைத் தூக்கினால் மரியாதை கெட்டுவிடுமாம். யார் கண்டுபிடித்தார்களோ, நல்ல கூத்து.

என் அப்பா என்னைத் தூக்கியதே இல்லை. பயம் வந்தாலும் அழுகை வந்தாலும் நான் மாட்டுக் கொட்டகைக்குப் போய் ஒளிந்துகொள்வேன். கல்யாணமான பிறகும் அப்படித்தான்; யாரிடமும் சொல்லத் தெரியாது. எழுபதுகளின் கடைசியில் மகள் பிறந்தபோது, இவளும் என்னைப் போல் ஆகிவிடக் கூடாதே என்பதுதான் என் கவலையெல்லாம்.

எருமப்பட்டிப் பக்கம் எங்கள் தோட்டம். ஒருநாள் வாசலில் உட்கார்ந்து செடியிலிருந்து கடலைக்காய் ஆய்ந்துகொண்டிருந்தேன். மனைவி உலை வைக்க உள்ளே போயிருந்தாள். தூளியில் மகள் அழுதாள். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு எடுத்தேன். தோளில் சாய்ந்ததும் அடங்கிவிட்டாள். அந்த நேரம் பார்த்து அப்பாவின் சைக்கிள் மணி கேட்டது. எனக்குக் கை கால் ஓடவில்லை. பிள்ளையைக் காய்க் குவியலின்மேல் கிடத்திவிட்டு, குனிந்து காய் ஆய ஆரம்பித்துவிட்டேன். அவள் வீறிட்டாள். அப்பா ஒரு பார்வை பார்த்துவிட்டு, கயிற்றுக் கட்டிலில் போய் உட்கார்ந்தார்.

மனைவி ஓடிவந்து மகளை எடுத்து, முதுகில் ஒட்டிய மண்ணைத் தட்டினாள்.

“ஏனுங்க, களவாண்டுட்டு வந்த புள்ளைங்களா இது? ஆளக் கண்டதும் ஒளிக்கறீங்க?”

வெட்கம் பிடுங்கித் தின்றது. மகளை வாங்கிக்கொண்டு நேரே அப்பாவின் எதிரில் போய் நின்றேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் அவளை இறக்கவில்லை. அதன்பிறகு அவள் அழுதபோதெல்லாம் எடுத்தேன். ஊரில் கேலி பேசினார்கள். பேசட்டும் என்று விட்டுவிட்டேன்.

அவள் விழுந்தாலும் பயந்தாலும் ஓடிவந்து என் தோளில் ஏறுவாள். ஒரு பாட்டம் அழுதுவிட்டு, இறங்கி விளையாடப் போய்விடுவாள். மாட்டுக் கொட்டகை அவளுக்குத் தேவைப்படவே இல்லை.

அவளுக்கு ஆறு வயதாகும்போது அப்பாவுக்குக் கால்கள் விளங்காமல் போயின. குளிப்பாட்டுவதற்காக முதல் தடவை அவரைத் தூக்கினேன். உடம்பு கட்டையாக விறைத்துக்கொண்டது. கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் அந்தரத்தில் நீட்டிக்கொண்டிருந்தார். கண்ணில் பயம். கொட்டகையில் எனக்கு இருந்த அதே பயம்.

துண்டோடு நின்ற மகள் தாத்தாவைப் பார்த்துச் சிரித்தாள்.

“அப்பாரு, எங்கப்பன் கழுத்தக் கட்டிப் புடிச்சுக்கோங்க சாமி. கீழ உட மாட்டாரு.”

அப்பாவின் கைகள் தயங்கித் தயங்கி வந்து என் கழுத்தைச் சுற்றிக்கொண்டன. எனக்கு அழுகை வந்தது. ஒளிந்துகொள்ளப் போக முடியவில்லை. கையில் அப்பா இருந்தார்.