தர்மண்ணை நடந்துபோன கடல்

டொக்டர் நடக்கச் சொல்லிவிட்டார். சீனி கூடிவிட்டதாம். செவன் கிங்ஸ் பார்க்கைச் சுற்றிச் சுற்றி அங்கே இருக்கிற வாத்துகளுக்கே என் முகம் அலுத்துப்போயிருக்கும். அதனால் போன ஞாயிறு ஒரு நண்பரையும் இழுத்துக்கொண்டு வூலிச் பக்கம் தேம்ஸ் கரைக்குப் போனேன். ஆறு வற்றிக் கிடந்த நேரம். படிக்கட்டுக்குக் கீழே கறுத்த சேறு. அதிலிருந்து ஒரு மணம் வந்தது. அழுகின பாசி, உப்பு, கூழ்முட்டை எல்லாம் கலந்த மணம். என் கால் அப்படியே நின்றுவிட்டது. நண்பர் எனக்கு மூச்சு வாங்குகிறதென்று நினைத்து ஒரு வாங்கில் பிடித்து இருத்தினார். நானும் அப்படியே என்று தலையாட்டினேன். மனிதர் நல்லவர், ஆனால் தோண்டித் தோண்டி விடுப்புக் கேட்கத் தொடங்கினால் விடமாட்டார். அவருக்குச் சொல்லாததை உங்களுக்குச் சொல்கிறேன்.

நான் இந்த நாட்டுக்கு வந்து முதலில் குந்தியிருந்தது லண்டனில் அல்ல. தெற்கே, போர்ட்ஸ்மத்துக்குப் பக்கத்தில் இருக்கிற ஒரு தீவில். போர்ட்ஸ்மத் பழைய கடற்படைப் பட்டினம். பீரங்கியும் பாய்மரக் கப்பலும் பார்க்கச் சனம் திரண்டு வரும். எங்கள் தீவுக்கு ஒருவரும் வரமாட்டார்கள். ஓய்வூதியக்காரரும் அவர்களுடைய நாய்களும்தான் அங்கே குடிமக்கள். தீவையும் பெருநிலத்தையும் சேர்க்க ஒரேயொரு பாலம். பாலத்தடியிலேயே எங்கள் கடை. பேப்பர், பால், சிகரெட், தபால் முத்திரை விற்கிற சின்னக் கடை. முதலாளி வெம்பிளியில் இருந்தார். வெள்ளிக்கிழமைகளில் வேனில் சாமான் கொண்டுவந்து இறக்கிவிட்டு, அரிசி மூட்டையையும் ஒரு பார்சல் மீன்கறியையும் தந்துவிட்டுப் போவார்.

கடையில் இரண்டு பேர். தர்மண்ணையும் நானும். தர்மலிங்கம் என்பது அவருடைய முழுப்பெயர். புங்குடுதீவு. என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். நான் கொக்குவில் ஆள். யாழ்ப்பாணத்தார் தீவாரை நக்கலடிப்பது உங்களுக்குத் தெரியும்தானே, அந்தக் கெட்ட பழக்கத்தையும் பெட்டிக்குள் வைத்துக் கட்டிக்கொண்டுதான் விமானம் ஏறியிருக்கிறேன்.

“தீவான் கடைசியிலை தீவுக்கே வந்து சேர்ந்திட்டியள் அண்ணை” என்பேன்.

“நீ கடலை ஸ்கூல் கொப்பியிலை கீறித்தான் பாத்திருப்பாய். வாயை மூடிக்கொண்டு பேப்பரை அடுக்கு” என்பார்.

அவர் சொன்னது சரிதான். எனக்கு நீச்சலும் தெரியாது, கடலும் தெரியாது. அவரோ சின்ன வயதில் தகப்பனோடு மீன் பிடிக்க வைத்த கூடுகளைப் பார்க்கக் கடலுக்குள் நடந்து போனவர். அரை மைல் போனாலும் தண்ணீர் இடுப்பைத் தாண்டாதாம். உடுப்பைச் சுருட்டித் தலையில் வைத்துக்கொண்டு, கதைத்துக்கொண்டே போவார்களாம். கடல் என்றால் அவருக்கு ஒரு பெரிய வளவு மாதிரி. கால் போன பக்கம் போகலாம்.

கடைக்கு மேலே எங்கள் அறை. பின் யன்னலைத் திறந்தால் எதிரே பெருநிலம் தெரியும். நடுவில் இருந்த கடல் ஒரு நாளில் இரண்டு தரம் வற்றிச் சேறாகும், இரண்டு தரம் நிரம்பும். வற்றும்போதுதான் அந்த மணம் வரும். முதல் கிழமை முழுக்க மூக்கைப் பொத்திக்கொண்டு திரிந்தேன். தர்மண்ணை மட்டும் யன்னலைத் திறந்து வைத்து ஆழமாக இழுப்பார். “ஊர் மணமடா” என்பார். ஊரில் இந்த மணம் இல்லை என்று பிறகு அவரே ஒத்துக்கொண்டார்.

அவருக்கு அகதி வழக்கு வென்று விசா கிடைத்திருந்தது. எனக்கு மறுத்துவிட்டார்கள். அப்பீல் போட்டிருந்தேன். வேலை செய்ய அனுமதி இல்லை. “பொலிஸ் கிலிஸ் வந்தால் பின்கதவாலை மாறு. கடையையும் மாட்டிவிடாதை” என்று முதலாளி முதல் நாளே சொல்லியிருந்தார். பொலிஸ்காரன் சிகரெட் வாங்க வந்தாலே நான் ஸ்டோர் அறைக்குள் போய்ப் பால் பெட்டிகளை எண்ணத் தொடங்கிவிடுவேன். தர்மண்ணை சிரிப்பார்.

தர்மண்ணை ஊரைவிட்டு வெளிக்கிட்டபோது அவர் மனைவி ராணி அக்காவுக்கு வயிற்றில் ஐந்து மாதம். மகள் பிறந்தது கொழும்பில். ஆறு வயதாகியும் பிள்ளையை அவர் கண்டதில்லை. படமும் தொலைபேசிக் குரலும்தான். அந்த மாசியில் தாய்க்கும் மகளுக்கும் விசா வந்தது. விமானம் ஹீத்ரோவில் மத்தியானம் இரண்டு மணிக்கு இறங்கும். தர்மண்ணை ஒரு கிழமையாகச் சரியாகச் சாப்பிடவில்லை. போர்ட்ஸ்மத்துக்குப் போய் மகளுக்கு ஒரு குளிர் மேல்கோட்டு வாங்கிவந்தார். அளவு தெரியாததால், கடையில் நின்ற ஒரு வெள்ளைக்காரப் பிள்ளையைக் கண்ணால் அளந்து வாங்கினாராம். பிள்ளையின் தாய் ஒரு மாதிரியாகப் பார்த்தாளாம். அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

அன்று காலை சவரம் செய்து, கோட்டும் சூட்டும் போட்டு, எட்டரைக்கு வெளியே போனவர் பத்து நிமிடத்தில் திரும்பி வந்தார். பாலத்தில் காஸ் சிலிண்டர் ஏற்றிவந்த லொறி ஒன்று புரண்டு கிடந்தது. பொலிஸ் கயிறு கட்டி மறித்துவிட்டார்கள். வாகனமும் ஏலாது, நடந்தும் ஏலாது. மத்தியானத்துக்குப் பிறகுதான் திறப்பார்களாம். தீவின் மற்ற முனையில் ஓடுகிற படகும் திருத்த வேலைக்காக அந்த மாதம் நின்றிருந்தது.

“முதலாளிக்குச் சொல்லுவம் அண்ணை. வெம்பிளியிலை இருந்து அவர் போய் ஏத்தட்டும்” என்றேன்.

“என்ரை பிள்ளை வந்து இறங்கி முதல் முதலா முதலாளின்ரை மூஞ்சையைப் பாக்கவோ?” என்றார். பிறகு யன்னலடிக்குப் போய் நின்றார். கடல் வற்றிக் கிடந்தது. அக்கரையில் வீடுகளின் புகைக்கூடுகள் துலக்கமாகத் தெரிந்தன. அதற்கு அப்பால் ரயில் நிலையம்.

எங்கள் கடைக்கு ஒவ்வொரு நாளும் பேப்பர் வாங்க வருகிற கிழவர் ஒருவர் இருந்தார். ஆல்பர்ட் என்று பெயர். மூன்று வீடு தள்ளி இருந்தார். பாலம் கட்டுவதற்கு முன்னர், வற்றுநேரத்தில் வண்டிலும் மாடும் அந்தச் சேற்றில் இருந்த கல்லுப்பாதையால்தான் போய்வந்தன என்று அவர் ஒருநாள் கதையோடு கதையாகச் சொல்லியிருந்தார். பிறகு வள்ளங்கள் போக நடுவில் ஒரு வாய்க்காலை ஆழமாக வெட்டி அந்தப் பாதையை இரண்டாக்கிவிட்டார்கள் என்பதை அவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. தர்மண்ணைக்கு முதல் பாதியே போதுமாக இருந்தது.

“அரை மணித்தியாலத்திலை அக்கரை. பதினொரு மணி ரயிலைப் பிடிச்சிடுவன்.”

“சேறு அண்ணை.”

“நான் காணாத சேறோ?”

இந்த இடத்தில் நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். இருக்கவில்லை. “தண்ணி இருந்தாலும் முழங்காலளவுதான் இருக்கும்” என்றேன். கடல் தெரியாதவன் சொன்ன தீர்ப்பு. எங்கள் மேசையில் கடல் வற்றுகிற, பெருகுகிற நேரங்கள் அச்சடித்த சின்னப் புத்தகங்கள் விற்பனைக்கு இருந்தன. வள்ளம் வைத்திருக்கிறவர்கள் வாங்குவார்கள். எத்தனையோ புத்தகத்தைப் பையில் போட்டுக் கொடுத்திருக்கிறேன். ஒரு நாளும் ஒன்றையும் இரண்டு பேரும் திறந்து பார்த்ததில்லை. எங்கள் ஊர்க்கடல் ஒரு சாண் ஏறும், ஒரு சாண் இறங்கும். அதற்கு ஏன் புத்தகம்? இந்தக் கடல் இரண்டு ஆள் உயரத்துக்கு ஏறுகிற கடல். ஏறுவதை யன்னலால் தினமும் பார்த்திருக்கிறோம். ஆனால் அது நடக்கிற ஆளுக்கு முன்னால் வருவதற்கு முதலே அவன் முதுகுக்குப் பின்னால் இருக்கிற ஓடைகளை நிரப்பிவிடும் என்பது யன்னலால் தெரியாது.

காற்சட்டை, சப்பாத்து, மகளின் மேல்கோட்டு எல்லாவற்றையும் ஒரு கறுப்புக் குப்பைப் பையில் கட்டித் தலையில் வைத்தார். கோட்டும் கழுத்துப்பட்டியும் போட்டபடி, கீழே ஒரு அரைக் காற்சட்டையோடு சேற்றில் இறங்கினார். மாசி மாதக் குளிர். எனக்குச் சிரிப்பு வந்தது. மேல் யன்னலில் நின்று கைகாட்டினேன். அவர் திரும்பிப் பார்க்காமலே ஒரு கையைத் தூக்கி ஆட்டினார்.

கடையில் ஆள் வந்ததால் கீழே இறங்கினேன். திரும்ப ஏறிப் பார்த்தபோது அவர் நடுவில் நின்றார். களைத்துப்போய் நிற்கிறார் என்று நினைத்தேன். கொஞ்சம் வலப்பக்கம் போனார், நின்றார். இடப்பக்கம் போனார், நின்றார். பிறகு இக்கரைப் பக்கம் திரும்பினார். அப்போதுதான் கவனித்தேன், அவருக்கும் எனக்கும் இடையில் சேறாக இருந்த இடமெல்லாம் தண்ணீராக மினுங்கியது. அவர் ஒரு காலை இழுக்கிறார், அது வரவில்லை. பையைத் தலையில் இருந்து எடுத்து நெஞ்சோடு பிடித்துக்கொண்டார். மற்றக் கையை உயர்த்தினார். இந்தமுறை அது பயணம் சொல்கிற கை இல்லை.

கீழே மேசையில் தொலைபேசி இருந்தது. அவசர உதவிக்கு மூன்று ஒன்பதுகளை அழுத்த எவ்வளவு நேரம் ஆகும்? அதன் முன்னால் நின்றேன். கையை வைத்தேன், எடுத்தேன். பெயர் கேட்பார்கள், விலாசம் கேட்பார்கள். பாலத்தடியில் நிற்கிற பொலிஸ் முழுவதும் இங்கே வரும். அவருக்கு விசா இருக்கிறது. பிடித்து அனுப்பப்படப் போகிறவன் நான் ஒருவன்தான். இதைத்தான் நினைத்தேன். வேறொன்றும் நினைக்கவில்லை. இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்லத்தான் வேண்டும்: நான் மேலே ஓடிப்போய் என் துணிகளைப் பையில் அடைத்தேன். பாஸ்போர்ட் படங்கள் இரண்டு, அம்மாவின் கடிதங்கள், அப்பீல் தாள்கள் எல்லாவற்றையும் தேடித்தேடி எடுத்தேன். யன்னல் பக்கம் திரும்பவேயில்லை. பையைப் பின்கதவடியில் வைத்தேன். கடையைப் பூட்டினேன். அதன் பிறகுதான் ஆல்பர்ட் வீட்டுக்கு ஓடினேன். அவர் எடுத்தால் அவருடைய பெயர்தானே போகும்.

கிழவர் பொல்லை ஊன்றி வந்து கதவைத் திறந்து, நான் காட்டிய பக்கம் பார்த்தார். உடனே தொலைபேசியை எடுத்தார். நான் கீழே நின்று தயங்கத் தொடங்கியதிலிருந்து அதுவரை பதினைந்து நிமிடம் இருக்கும். கூடவும் இருக்கலாம். மீட்புப் படகு ஆறோ ஏழோ நிமிடத்தில் வந்துவிட்டது. அவ்வளவு கெதியாக வந்தார்கள். தண்ணீருக்கு மேல் ஒருவரும் இல்லை. கொஞ்ச நேரத்தால் அவரை எடுத்தார்கள். படகில் வந்த ஒரு பெடியன் கரையில் குந்தியிருந்து, “கொஞ்சம் முந்திச் சொல்லியிருந்தால்” என்று ஆல்பர்ட்டிடம் சொன்னான். அந்த அளவு ஆங்கிலம் எனக்கு அப்போதே விளங்கும்.

பொலிஸ்காரர் ஒருவர் வந்து என் பெயரைக் கேட்டு எழுதினார். எனக்குத் தேத்தண்ணி ஊற்றித் தந்தார். தோளில் கை வைத்தார். ஒரு காகிதமும் கேட்கவில்லை. அன்றும் கேட்கவில்லை, பிறகும் ஒருவரும் கேட்கவில்லை. ஹீத்ரோவில் ஆட்கள் காத்திருக்கிறார்கள் என்று சொன்னதும், பாலம் திறந்தவுடன் தன் காரிலேயே கொண்டுபோய் என்னை ரயிலில் ஏற்றிவிட்டார்.

நான் போய்ச் சேர்ந்தபோது மாலை ஐந்து மணி. தூரத்தில் வைத்தே அவர்களை அடையாளம் கண்டேன். ராணி அக்கா சேலையும் ஒரு மெல்லிய சால்வையும். பிள்ளை கை இல்லாத சட்டையோடு பெட்டி மேல் குந்தியிருந்தது. நான் நேரே அவர்களைப் பார்த்து நடந்து வருவதைப் பிள்ளை கண்டுவிட்டது. பெட்டியால் குதித்தது.

“அம்மா, அப்பா வாறார்” என்றது.

ஓடிவந்து என் காலைக் கட்டிக்கொண்டது. ராணி அக்கா என் முகத்தைப் பார்த்தா. நான் வாய் திறக்க முதலே, பிள்ளை குதித்த பெட்டியில் அவ குந்திவிட்டா.

பிறகு, முதலாளி வந்து எங்களை வெம்பிளிக்குக் கூட்டிப்போன பிறகு, அவ ஒரேயொரு கேள்விதான் கேட்டா. “நீ கண்டனியோ தம்பி?”

“கண்டன் அக்கா. உடன போன் எடுத்தன். அவங்கள் வரச் சுணங்கிப்போச்சு.”

ஒரு மூச்சில் சொன்ன பொய். என்னைக் காப்பாற்றச் சொன்னதுதான், ஆனால் அது என்னோடு நிற்கவில்லை. ராணி அக்கா மகள் தர்சினியோடு தோர்ண்டன் ஹீத்தில் குடியேறி, ஸ்கூல் கன்ரீனில் வேலை செய்து, அவளைப் படிப்பித்து ஆளாக்கினா. அத்தனை வருடமும் அந்தப் படகுக்காரரைத் திட்டிக்கொண்டே இருந்தா. “வெள்ளைக்காரன் எண்டால் பறந்து வந்திருப்பாங்கள்” என்பா. உயிரைக் கொடுத்து வந்த மனிதர்கள். நான் பக்கத்தில் இருந்து அவ தந்த தேத்தண்ணியைக் குடிப்பேன். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் எனக்கு அங்கேதான் சாப்பாடு. எனக்கு விசா கிடைத்தபோது கோயிலில் அருச்சனை செய்ததும் அவதான். எத்தனையோ தரம் சொல்ல வெளிக்கிட்டேன். ஒருமுறை, ஆஸ்பத்திரியில் அவவின் கடைசி மாதத்தில், கதிரையை இழுத்துப் போட்டு இருந்துகொண்டு, “அக்கா, அண்டைக்கு நடந்தது” என்று தொடங்கியும் விட்டேன். அவ என் கையைப் பிடித்தா.

“அதை விடு தம்பி. நீயெண்டாலும் அவருக்காக ஓடினாய். அந்த ஒரு நினைப்பிலைதான் நான் இவ்வளவு காலமும் நித்திரை கொண்டனான்.”

அதற்குப் பிறகு எப்படிச் சொல்வது? நீங்கள் என்றால் சொல்லியிருப்பீர்களா?

போன மார்கழியில் ராணி அக்கா போய்விட்டா. ஆல்பர்ட் போய்ப் பல வருடம். கடை இருந்த இடத்தில் இப்போது நாய்களுக்கு மயிர் வெட்டுகிறார்களாம். செத்த வீட்டில் தர்சினி என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். அவளும் தாய் சொன்னதைத்தான் சொல்கிறாள், “அவங்கள் லேட்டா வந்ததாலைதான் மாமா, எனக்கு அப்பா இல்லாமப் போனவர்” என்று. நான் அவளுடைய முதுகைத் தடவிக்கொண்டிருந்தேன். பிறகு தகனச்சாலைக்குப் போனோம். தர்மண்ணை கடைசியாக எத்தனை நிமிடம் கையை உயர்த்திக்கொண்டு நின்றார் என்று கேட்டு என் கன்னத்தில் அறைய உரிமை இருந்த ராணி அக்காவை, என் பொய்யோடு சேர்த்து அனுப்பிவிட்டு, கார் பிடித்து வீட்டுக்கு வந்தேன்.