மிளகாய்ச் சிவப்புச் சேலை

எனக்குச் சின்ன வயதிலிருந்தே கலர் பைத்தியம். அம்மியில் அரைத்த மஞ்சளை வழிக்காமல் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பேன். வெயில் காலத்தில் கித்தா என்கிற ரப்பர் மரத்து இலைகள் உதிர்வதற்கு முன்னால் சிவந்து நிற்குமே, அதைப் பார்க்க நின்றுவிட்டு வேலை வாங்கும் மண்டோரிடம் எத்தனை முறை திட்டு வாங்கியிருக்கிறேன் தெரியுமா? இதையெல்லாம் சந்தோஷமாகச் சொல்லத்தான் எனக்கும் ஆசை. ஆனால் கலர் என்றால் எனக்கு ஜப்பான்காரன் காலத்து ஒரு சேலைதான் நினைவுக்கு வருகிறது. அதை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது.

மலாயாவில், சுங்கை காடுட் பக்கம் ஒரு தோட்டத்தில் இருந்தோம். கித்தா மரத்தில் பால் எடுக்கிற வேலை நின்றுபோய், எல்லாரும் மரவள்ளி நட்டுக்கொண்டிருந்த காலம். துணி என்பதே கிடையாது. ஆண்கள் கோணியை இடுப்பில் சுற்றிக்கொண்டார்கள், நாங்கள் ஒட்டுப்போட்டதற்கு மேலேயே ஒட்டுப்போட்டுக் கட்டினோம். மண், கோணி, மரவள்ளிக் கிழங்கு என்று கண்ணில் பட்டதெல்லாம் ஒரே அழுக்கு நிறம்.

தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் எனக்கு அடுத்த வீட்டு அக்காவிடம் மட்டும் ஒரு நல்ல சேலை இருந்தது. காய்ந்த மிளகாயின் சிவப்பு. கல்யாணத்துக்கு எடுத்தது. மாமாவை, அதாவது அவர் புருஷனை, சயாமுக்கு ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். என் வீட்டுக்காரருக்குக் கால் ஊனம், அதனால் தப்பித்தார். வெள்ளிக்கிழமை தவறாமல் அக்கா அந்தச் சேலையைக் கொடியில் உலர்த்துவார். நான் வேலையைப் போட்டுவிட்டுப் போய் நிற்பேன்.

"நல்லா பாத்துக்க புள்ள, காசா பணமா," என்று சிரிப்பார். "உங்க மாமா வர்ற அன்னிக்கு இதத்தான் கட்டுவேன்."

பார்க்கப் பார்க்கப் பசி மறந்துபோகும். அதற்காக அவருக்கு எவ்வளவு நன்றி சொல்லியிருக்க வேண்டும். எனக்கோ அதை என் தோளில் போட்டுப் பார்க்க வேண்டும் என்றுதான் தோன்றும்.

ஒரு வெள்ளிக்கிழமை, சயாமிலிருந்து தப்பித்து எங்கள் தோட்டத்து ஆள் ஒருவர் வந்து சேர்ந்தார். கடைசி வீட்டுக் கிழவியின் ஒரே மகன். எலும்பும் தோலுமாக, காய்ச்சலில் கொதித்துக்கொண்டு கிடந்தார். கிழவி தண்ணீர் எடுக்கப் போன நேரம், நான் கஞ்சி கொண்டுபோனேன். மாமாவைப் பற்றிக் கேட்டேன்.

"வாந்திபேதி கண்டவங்கள போடுற கொட்டாயில அவரயும் கொண்டுபோய்ப் போட்டாங்க," என்றார். "அதுக்கப்புறம் நான் பாக்கல தங்கச்சி. தெரியாது."

தெரியாது என்றுதான் சொன்னார். அவர் வீட்டிலிருந்து அக்கா வீட்டுக்கு இருபது அடி நடை இருக்கும். அதற்குள் என் வாயில் அது வேறாகிவிட்டது.

"அக்கா, மாமா செத்துட்டாராம்," என்றேன்.

பதற்றத்தில் சொல்லிவிட்டேன் என்று பல வருஷம் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். பொய். சொல்லும்போது என் கண் கொடியில் கிடந்த சேலைமேல் இருந்தது.

அக்கா தலைவிரி கோலமாக ஓடினார். அதற்குள் அந்த மனிதருக்கு நினைவு தப்பிவிட்டது. மூன்றாம் நாள் அவர் போய்ச் சேர்ந்தார். பதினாறாம் நாள் பெண்களெல்லாம் கூடி அக்காவின் வளையலை உடைத்தோம், பொட்டை அழித்தோம், தாலியைக் கழற்றினோம். மாமாவின் பழைய வேட்டியை அவருக்குச் சுற்றிவிட்டோம். எல்லாவற்றுக்கும் நானும் கூட நின்று அழுதேன்.

அன்றைக்கே அக்கா என்னைக் கூப்பிட்டுச் சேலையை என் கையில் வைத்தார். "நீதான் ஆசப்படுவ. பெட்டியில இருந்தா எனக்கு மனசு ஆறாது. புள்ளைக்குத் தச்சுப் போடு."

வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னேனா? வாங்கிக்கொண்டு ஓடிவந்தேன். அன்னாசி இலையிலிருந்து நார் உரித்து, அதையே நூலாக வைத்து, மகளுக்கு ஒரு பாவாடையும் எனக்கு ஒரு ரவிக்கையும் தைத்தேன். கோணி நிறத்துக்கு நடுவே அந்தச் சிவப்பு என்னமாய் இருந்தது. வெட்கங்கெட்டவள், சாமிக்கு நன்றிகூடச் சொன்னேன்.

ஜப்பான்காரன் தோற்றுப்போன சில மாதத்தில், ஒரு காலை நேரம், ஒருவர் கம்பு ஊன்றிக்கொண்டு லயத்துக்குள் வந்தார். குழாயடியில் என் மகள் அந்தப் பாவாடையோடு விளையாடிக்கொண்டிருந்தாள். அவர் அவளைப் பார்த்தார். பாவாடையைப் பார்த்தார். அப்படியே சேற்றில் உட்கார்ந்துவிட்டார்.

"எப்ப செத்தா?" என்று என்னைக் கேட்டார்.

அப்போதுதான் மாமா என்று அடையாளம் தெரிந்தது. கல்யாணச் சேலையை வெட்டிப் பிள்ளைக்குத் தைத்திருக்கிறார்கள் என்றால் பெண்டாட்டி உயிரோடு இல்லை என்றுதானே அந்த மனிதர் நினைப்பார். நான் அக்கா வீட்டைப் பார்த்துக் கத்தினேன். சத்தம் கேட்டு அக்கா வெள்ளை வேட்டியோடு வெளியே வந்தார். ஒருவரை ஒருவர் செத்தவராக நினைத்துக்கொண்டிருந்த இரண்டு பேரும் வெகுநேரம் தொட்டுக்கொள்ளாமலே நின்றார்கள்.

சாயங்காலம் லயமே அக்கா வீட்டில் கூடிவிட்டது. மஞ்சள் கயிற்றில் மஞ்சள் துண்டைக் கட்டி மாமா மறுபடியும் தாலி கட்டினார். அக்கா அந்த வேட்டியிலேயேதான் உட்கார்ந்திருந்தார். மாற்றிக்கொள்ள வேறு ஏது? என் ரவிக்கையை முந்தானையால் மூடிக்கொண்டு நான் மூலையில் நின்றேன். கடைசி வீட்டுக் கிழவியும் வந்து, மாமாவின் முகத்தையே பார்த்தபடி வாசலில் நின்றிருந்தார்.

அக்கா என் பக்கம் திரும்பினார். "புள்ள, அன்னிக்கு அந்தத் தம்பி என்னதான் சொல்லுச்சு? அப்படியே சொல்லு."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். கிழவியும் பார்த்தார்.

"செத்துட்டாருன்னுதான் அக்கா சொன்னாரு," என்றேன். "கண்ணால பாத்தேன்னு சொன்னாரு."

கிழவி மாமாவின் முகத்திலிருந்து கண்ணை எடுத்தார். தலையைக் குனிந்துகொண்டு படியிறங்கிப் போனார்.

"பாவம், காய்ச்சல்ல உளறியிருக்கும்," என்றார் அக்கா. பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார். "அந்த நாள்ல நீ பக்கத்துல இல்லன்னா நான் கெணத்துல விழுந்திருப்பேன் புள்ள. உன்ன மறக்க மாட்டேன்."

அந்தக் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். நான் இழுத்துக்கொள்ளவில்லை.