ஒன்பதாம் இலக்க ஜேர்சி

போன சனிக்கிழமை காலை மொன்றியலுக்குப் பக்கத்தில், புரோசார்டில் ஓர் உள்ளரங்க மைதானத்தின் உடைமாற்றும் அறைக்கு வெளியே, மகளின் பையைச் சுமந்துகொண்டு நின்றேன். அப்பாமாருக்கு அங்கே உள்ள வேலை அவ்வளவுதான். பையைச் சுமப்பது, தண்ணீர்ப் போத்தலை நீட்டுவது, தோற்றால் வாயை மூடிக்கொண்டு கார் ஓட்டுவது. யாரோ கதவைத் திறந்தார்கள். உள்ளேயிருந்து களிம்பு வாசம் வந்தது. தலையிடித் தைலம் என்று நினைத்துவிடாதீர்கள். தசைப்பிடிப்புக்குத் தேய்க்கும் வெள்ளைக் களிம்பு, மூக்கால் நுழைந்து கண்ணில் போய் நிற்குமே, அது. நாறுகிறது என்று மகள் பிரெஞ்சில் சொல்லி மூக்கைப் பொத்தினாள். நான் சட்டென்று இடது பக்கம் திரும்பிப் பார்த்தேன். அங்கே ஒருவரும் இல்லை. இருக்கமாட்டார்கள் என்று எனக்கும் தெரியும். ஆனால் இந்த வாசம் வந்தால் இடது பக்கம் பார்ப்பது இருபது வருடத்துக்கு மேலான பழக்கம். காரணத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். பரவாயில்லை, சொல்கிறேன்.

அந்த நாட்களில் எனக்குக் கோட்-டெ-நெய்ஜில் ஓர் ஆஸ்பத்திரியின் சலவைப் பகுதியில் வேலை. ஊரில் என் பெனியனைக்கூட நான் தோய்த்ததில்லை. இங்கே வந்து ஓர் ஆஸ்பத்திரியின் அத்தனை படுக்கை விரிப்பையும் தோய்த்தேன். குடியிருந்தது பார்க் எக்ஸ்டென்ஷனில், மூன்றாம் மாடியில், யோகன் அண்ணையோடு. அவர் மட்டக்களப்பு, நான் யாழ்ப்பாணம். என்னைவிடப் பத்து வயது மூத்தவர்தான், ஆனால் வாயைத் திறந்தால், மகனே என்பதற்கு அவர்கள் ஊர் வழக்கில், "மனே" என்றுதான் கூப்பிடுவார். முதல் மாதம் கூச்சமாக இருந்தது. பிறகு அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் ஏதோ கோபமாக்கும் என்று பயப்படும் நிலைக்கு வந்துவிட்டேன். நகரத்தில் ஓர் உணவகத்தில் சமையல் வேலை செய்தார். மற்ற நேரமெல்லாம் எங்கள் உதைபந்தாட்டக் கழகம். அதைத் தொடங்கியவரும் அவர், பயிற்றுவிப்பவரும் அவர், கோட்டோரத்தில் நின்று கத்துகிறவரும் அவர். எனக்கு ஜேர்சி தோய்க்கும் பதவி. "தொழில் தெரிஞ்ச ஆள்" என்று ஏகமனதாகத் தெரிவுசெய்தார்கள்.

ஒவ்வொரு திங்கட்கிழமையும் ஜேர்சிகளை மூட்டையாகக் கட்டிச் சலவைக்கடைக்குக் கொண்டுபோவேன். அதில் ஒன்பதாம் இலக்கம் மட்டும் ஒருநாளும் அழுக்காக இருந்ததில்லை. அதை எவரும் போடுவதில்லை. ஆட்டத்துக்குப் போகும்போது மற்றவற்றோடு வெளியே வரும், திடலோரத்தில் ஒரு கம்பியில் தொங்கும், ஆட்டம் முடிந்ததும் பைக்குள் போகும், திங்கட்கிழமை மற்றவற்றோடு தோய்படும். அது யோகன் அண்ணையின் தம்பி ரவிக்கு உரியது.

ரவி ஊரில் பெயர்போன முன்னணி ஆட்டக்காரர். எந்த ஊர்க் கழகம் கேட்டாலும் இரவலாகப் போவார். சைக்கிளில் ஏற்றிப்போக ஒருவரும், திரும்பும்போது ஒரு சோற்றுப் பார்சலும் போதும். பத்தொன்பது வயதில் ஒரு நாள், சப்பாத்துகளைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு, வாவிக்கு அக்கரையில் ஒரு ஊருக்காக ஆட ஓடத்தில் ஏறினார். ஆட்டத்தில் கோல் போட்டார் என்று பார்த்தவர்கள் இருக்கிறார்கள். திரும்பி வந்ததைப் பார்த்தவர்கள் இல்லை. யுத்தம் நடந்த அந்த நாட்களில் அந்தத் துறையடியில் அப்படி நடந்தது அவருக்கு மட்டுமல்ல.

யோகன் அண்ணையைப் பொறுத்தவரை தம்பி எங்கேயோ இருக்கிறார். ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் அவருக்கு ஒரு வயது கூட்டுவார். "இப்ப முப்பத்தி ரெண்டு. முன்னால கொஞ்சம் முடி கொட்டியிருக்கும்" என்று பால்தேநீர் ஆற்றிக்கொண்டே சொல்வார். புது ஜேர்சி தைக்கக் கொடுத்தபோது ஒன்பதை மட்டும் பெரிய அளவில் எடுத்தார். மெலிந்த ஆள் என்றீர்களே என்று கேட்டேன். "இப்ப உடம்பு வச்சிருப்பான் மனே" என்றார்.

சண்டைநிறுத்தம் வந்த கோடை அது. பாதைகள் திறந்துவிட்டன, காணாமல் போனவர்கள் எங்கிருந்தாவது வருவார்கள் என்று சனம் நம்பிய காலம். ஊரில் அவருடைய அம்மா மட்டும் நம்பவில்லை. தன் கண் மூடுவதற்குள் சின்னவனுக்கு ஈமக்கிரியை செய்துவிட வேண்டும், மூத்தவன் ஓம் என்றால் போதும் என்று கேட்டுக்கொண்டிருந்தார். ஒவ்வொரு ஞாயிறும் யோகன் அண்ணை தொலைபேசி அட்டையைச் சுரண்டி இலக்கங்களை அழுத்துவார். ஒவ்வொரு ஞாயிறும் அம்மா கேட்பார். இவர் வேறு கதைக்குத் தாவுவார். கழகத்தில் சிலர் ரவியின் பெயரில் ஞாபகார்த்தக் கிண்ணம் வைப்போமா என்று ஒருமுறை மெல்லக் கேட்டதற்கு, ஒரு மாதம் எவரோடும் பேசவில்லை.

இந்த நேரத்தில்தான் கெவின் வந்து சேர்ந்தார். எங்கள் ஆஸ்பத்திரியில் நோயாளிகளைத் தள்ளுவண்டியில் கொண்டுபோகும் வேலைக்கு வந்த இங்கிலாந்துக்காரர். வயது முப்பத்தெட்டு. மனைவி மொன்றியல்காரி, தாதி. அழுக்குத் துணிக் கூடையை என்னிடம் தள்ளிக்கொண்டு வரும்போது, ஆளுக்கு முன்னால் களிம்பு வாசம் வரும். இரண்டு முழங்காலும் போய்விட்டன என்பார். எப்படி என்று கேட்டேன். உதைபந்தாட்டம் என்றார். சும்மா ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் என்று நினைத்தேன். பதினாலு வருடம் அதுதான் தொழில் என்றார். நான் சலவைத்தூள் பேணியை அப்படியே வைத்துவிட்டேன். வானொலியில் இங்கிலாந்து ஆட்ட முடிவுகளைக் கேட்டு வளர்ந்தவன் நான். அந்த ஊர்ப்பெயர்களை ஆறாம் வாய்ப்பாடு மாதிரி ஒப்புவிப்பேன்.

அவருடைய ஊர்களோ என் வாய்ப்பாட்டின் கடைசியில், அறிவிப்பாளர் மூச்சு வாங்கிக்கொண்டு அவசரமாக வாசித்து முடிக்கும் இடத்தில் இருந்தன. பதினாலு வருடத்தில் பதினொரு கழகம். அதில் நான்கு இரவல். இங்கிலாந்திலும் ஆட்டக்காரனை இரவல் கொடுப்பார்கள் என்பதை அவர் சொல்லித்தான் அறிந்தேன். ஒரு ஊரில் கடைசி நிமிடக் கோல் அடித்துக் கழகத்தைக் கீழ்ப்பிரிவுக்கு இறங்காமல் காப்பாற்றினாராம். சனம் தோளில் தூக்கியதாம். இரண்டு வாரத்தில், இனி நீர் தேவையில்லை என்று கடிதம் வந்ததாம். பதினொரு ஊரிலும் ரயில் நிலையத்திலிருந்து மைதானத்துக்குக் கண்ணை மூடிக்கொண்டு நடப்பேன், ஒரு ஊரிலும் பால்காரரின் பெயர் தெரியாது என்று சிரிப்பார். ஒன்றைச் சொல்லும்போது மட்டும் சிரிக்கமாட்டார். முன்னணியில் ஆடுகிறவனுக்கு ஒரு சோடி வேண்டும். பார்க்காமலே அவன் எங்கே நிற்கிறான் என்று தெரிய வேண்டும். அதற்கு இரண்டு மூன்று வருடம் ஒன்றாக ஆட வேண்டும். எனக்கு அது வாய்க்கவில்லை, பழகத் தொடங்கும்போது பெட்டியைக் கட்டச் சொல்லிவிடுவார்கள் என்றார்.

கோடைச் சுற்றுப்போட்டியின் அரையிறுதி ஞாயிறு பின்னேரம். அன்றைக்கென்று டொரொண்டோவில் ஒரு சாமத்தியவீடு, பூப்புனித நீராட்டு விழா. எங்கள் ஆட்டக்காரர் நான்கு பேர் முதல்நாளே கழகத்தின் வான் வண்டியில் ஏறிப் போய்விட்டார்கள். போனவர்கள் அதே வண்டியில் கிடந்த மேலதிக ஜேர்சிகளையும் கொண்டுபோய்விட்டார்கள். யோகன் அண்ணைக்கு உணவகத்தில் வேலை, பிந்தித்தான் வருவார். நான் ஆள் பிடிக்க அலைந்து கெவினைக் கூட்டிவந்தேன். முழங்கால் இரண்டுக்கும் களிம்பைப் பூசிக்கொண்டு தயாராகிவிட்டார். பைக்குள் கையை விட்டால் ஒரே ஒரு ஜேர்சி மிச்சம். ஒன்பது. நான் செய்த பிழை அதுதான். கொடுத்திருக்கக்கூடாது. என் சட்டையைக் கழற்றி, முதுகில் இலக்கத்தைக் கரியால் எழுதியாவது விட்டிருக்கலாம். அவசரத்தில் கொடுத்துவிட்டேன். அளவு தைத்தது போல் இருந்தது.

காலையில் மழை பெய்திருந்தது. ஆட்டம் தொடங்கிச் சிறிது நேரத்தில் எங்கள் இடது பக்க முன்னணி ஆட்டக்காரருக்குக் கணுக்கால் புரண்டது. மாற்றாள் இல்லை. பத்துப் பேரோடு ஆடினோம், இடது பக்கம் வெறுமையாகக் கிடந்தது. கெவின் பந்தைப் பெற்று, தலையை நிமிர்த்தாமலே, அந்த வெறுமைக்குள் தட்டிவிட்டார். பந்து உருண்டு வெளியே போனது. எல்லாரும் சிரித்தார்கள். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் அதே இடத்துக்குத் தட்டினார். இந்த முறை சிரிப்பு குறைந்திருந்தது. அவர் பந்தைத் தட்டிவிட்டு, திருப்பி வாங்குகிறவர் போல முன்னால் ஓடினார்.

நான் தண்ணீர்ப் போத்தல்களோடு இடது கோட்டோரத்தில் நின்றேன். மூன்றாம் முறை அவர் தட்டியபோது, ஈரப்புல்லில் சளக் சளக்கென்று யாரோ என்னைக் கடந்து ஓடும் சத்தம் கேட்டது. அந்த நொடியில் களிம்பு வாசம் முகத்தில் அடித்தது. கெவின் முப்பது யார் தூரம் தள்ளி, நடுவில் இருந்தார். நான் இடது பக்கம் திரும்பினேன். புல் இருந்தது, கோடு இருந்தது. பந்து மட்டும் உருண்டு வந்து, கோட்டுக்கு ஒரு முழம் முன்னால் திசை திரும்பி உள்ளே போனது. குழி இருந்திருக்கும். தண்ணீர்க் குழாயின் மூடி ஏதாவது துருத்திக்கொண்டு இருந்திருக்கும். பிறகு நான் போய்க் காலால் தடவிப் பார்த்தேன், அகப்படவில்லை. பந்து கெவினின் காலுக்கு வந்தது. அடித்தார், கோல். ஒருவரும் உடனே கை தட்டவில்லை.

வேலிக்கு அப்பால் யோகன் அண்ணை நின்றதை அப்போதுதான் கண்டேன். சமையலறைக் காற்சட்டையோடு வந்திருந்தார். உள்ளே வரவில்லை. ஒன்பதாம் இலக்கத்தின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார்.

முடிந்ததும் கெவின் புல்லில் அமர்ந்து சப்பாத்துக் கயிற்றை அவிழ்த்தார். யோகன் அண்ணை பக்கத்தில் வந்து நின்றார். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அதற்குள் கெவின், இடது பக்கம் என்னோடு ஓடிய பொடியன் எங்கே, கைகொடுக்க வேண்டும் என்று கேட்டார். நாங்கள் பத்துப் பேர்தான், இடது பக்கம் ஆளே இல்லை என்றேன். அவர் எங்கள் ஆட்களை விரலால் எண்ணினார். திரும்பவும் எண்ணினார். இல்லை, எனக்குத் தெரியும், பதினாலு வருடம் தேடிய சோடி இன்றைக்குத்தான் கிடைத்தது என்றார். குரல் தணிந்திருந்தது. பகிடி விடுகிறவரின் முகம் அல்ல அது.

யோகன் அண்ணை அவர் முன்னால் குந்தினார். எப்படி முகம் என்று தன் சமையலறை ஆங்கிலத்தில் கேட்டார். கெவின், சோடியை ஒருநாளும் பார்ப்பதில்லை, காலடியை மட்டும் கேட்பேன் என்றார்.

யோகன் அண்ணை இன்னும் ஒன்று கேட்டார். எத்தனை வயது இருக்கும்?

கெவின் யோசிக்கவே இல்லை. பத்தொன்பது, மிஞ்சினால் இருபது, அடிபடாத கால் அது என்றார்.

யோகன் அண்ணை அப்படியே ஈரப்புல்லில் இருந்துவிட்டார். ரவிக்கு அந்த வருடம் முப்பத்திரண்டு. ஒவ்வொரு வருடமும் இவரே கூட்டிய கணக்கு. என்னைப் பார்த்து, "அவன் வளரல்ல மனே" என்றார்.

மறுநாள் காலை அவர் தொலைபேசி அட்டையைச் சுரண்டினார். ஞாயிறு அல்லாத நாளில் அவர் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. "செய்ங்கம்மா" என்றார். அந்தப் பக்கத்தில் அம்மா அழுதது அறைக்கு வெளியே நின்ற எனக்கும் கேட்டது.

நான் என்ன செய்தேன் தெரியுமா? திங்கட்கிழமை அல்லவா, மூட்டையைத் தூக்கிக்கொண்டு சலவைக்கடைக்குப் போய்விட்டேன். பிழை செய்தவனுக்கு வரும் உற்சாகம் இருக்கிறதே, அதோடு ஒன்பதைத் தனியாக எடுத்து, சேற்றுக்கறைக்கு முதலில் கையால் தேய்த்து, இயந்திரத்தில் இரண்டு முறை போட்டேன். ஆஸ்பத்திரி முறையில் மடித்தேன். வீட்டுக்கு வந்தால் யோகன் அண்ணை வாசலில் நிற்கிறார்.

"ஒம்பது எங்க மனே?"

பெருமையாக நீட்டினேன். வாங்கி முகத்தில் வைத்தார். கனநேரம் எடுக்கவே இல்லை.

"தோச்சுப்போட்டியா" என்றார்.

"ஓம் அண்ணை."

"ஒருநாள்தானே மனே தம்பி இதோட ஓடினவன்."

அவர் கோபித்திருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

அடுத்த கோடையில் ரவியின் பெயரில் கிண்ணம் வைத்தார்கள். மாலை போட்ட படத்தில் பத்தொன்பது வயதுப் பையன் சிரித்தான். யோகன் அண்ணையே அந்த மாலையைப் போட்டார். கெவின் அதைப் பார்க்கவில்லை. இலையுதிர் காலத்திலேயே மனைவிக்கு மேற்கே வேலை கிடைத்துப் பெட்டியைக் கட்டிவிட்டார். அண்மையில் அவர் பெயரை இணையத்தில் தேடினேன். பதினொரு கழகமும் வரிசையாக இருக்கின்றன, எத்தனை ஆட்டம், எத்தனை கோல் என்று. மொன்றியல் இல்லை. அந்தக் கோலும் இல்லை. சலவைக்கடை இருந்த இடத்தில் இப்போது நாய்களுக்கு முடி வெட்டுகிறார்கள். எங்கள் கழகமும் இல்லை. எங்கள் பிள்ளைகள் பிரெஞ்சில் பந்து கேட்டு வேறு கழகங்களில் ஆடுகிறார்கள்.

யோகன் அண்ணை பிறகு கலியாணம் கட்டி டொரொண்டோவுக்குப் போய்விட்டார். ஒவ்வொரு வருடப்பிறப்பிலும் கூப்பிட்டு, சுகம் விசாரித்து முடித்து, வைப்பதற்கு முன்னால் கேட்பார்: "தோச்சுத்தானே போட்டாய், என்ன?" பகிடியாகத்தான் கேட்பார். ஓம் அண்ணை என்பேன். போன மாசியில் அவர் காலமானார். செத்தவீட்டில் அவருடைய மகன் ஒரு பையை என் கையில் தந்தான். அப்பா உங்களிடம் கொடுக்கச் சொன்னார் என்றான். உள்ளே ஒன்பது இருந்தது. நான் மடித்த மடிப்புக் குலையவில்லை.

அன்று புரோசார்டிலிருந்து வந்ததும் அலுமாரியைத் திறந்து அதை எடுத்தேன். முகத்தில் வைத்து இழுத்து மணந்து பார்த்தேன். வேர்வை இல்லை, சேறு இல்லை, களிம்புகூட இல்லை. அவ்வளவு சுத்தமாகத் தோய்த்திருக்கிறேன்.