முதலாளியின் ‘பார்க்கலாம்’

எங்கள் அண்ணன் என்ன வேலை செய்கிறார் என்று யாராவது கேட்டால், தன் வாயை அடுத்தவருக்கு வாடகைக்கு விட்டிருக்கிறார் என்று சொல்வேன். அவரும் கூடவே சிரிப்பார். பம்பு கம்பெனி முதலாளியின் அறைக்கு வெளியே, கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இருபத்தாறு வருஷம் உட்கார்ந்திருந்தவர் அவர். கடிதம் டைப் அடிக்க வேண்டும், ஃபைல் வைக்க வேண்டும், வெளிநாட்டு ஆட்கள் வந்தால் இந்தப் பக்கம் பேசுவதை அந்தப் பக்கமும் அந்தப் பக்கம் பேசுவதை இந்தப் பக்கமும் மாற்றிச் சொல்ல வேண்டும். முதலாளிக்குத் தும்மல் வருவது முதலாளிக்கு முன்னால் அண்ணனுக்குத் தெரியும் என்று ஆபீஸில் கிண்டல் செய்வார்கள்.

அதில் பாதி உண்மைதான். முதலாளி ஒரு தகரக் கொட்டகையில் இரண்டு லேத்தோடு ஆரம்பித்து எண்ணூறு பேருக்குச் சம்பளம் கொடுக்கும் அளவுக்கு வந்தவர். அவரிடம் ஒரு பழக்கம் உண்டு. சரி என்று வாய்விட்டுச் சொல்லவே மாட்டார். வாக்குக் கொடுத்துவிட்டு மாட்டிக்கொள்ளக் கூடாதாம். எதைக் கேட்டாலும் "பார்க்கலாம்" என்பார். பார்க்கலாம் என்றால் நடக்காது, போய் வா என்று அர்த்தம் என்பது நம்மில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் முதலாளியிடம் அது இரண்டு விதம். சொல்லிவிட்டுப் பேனாவைத் திறந்தபடியே கையில் வைத்திருந்தால், இல்லை. மூடியைப் போட்டுச் சட்டைப் பையில் செருகினால், காரியம் முடிந்தது, வேலையை ஆரம்பிக்கலாம். இதைக் கவனித்துக் கண்டுபிடித்தவர் அண்ணன். வேறு யாருக்கும் தெரியாது, முதலாளிக்கே தெரிந்திருக்குமா என்பதும் சந்தேகம்.

எங்கள் ஊரின் தலையெழுத்தை மாற்ற ஒரு கம்பெனி வரப்போகிறது என்ற பேச்சு வந்தபோது எனக்கு இருபத்தொன்பது வயது, அண்ணனுக்கு நாற்பத்து நான்கு. கியர் செய்கிற பெரிய வெளிநாட்டுக் கம்பெனி. முதலாளி கூட்டுச் சேர்ந்து, வார்ப்படப் பட்டறைக்குப் பின்னால் சும்மா கிடந்த நிலத்தைக் கொடுத்தால் இங்கேயே தொழிற்சாலை, அறுநூறு பேருக்கு வேலை. செய்தி வந்த வாரமே எங்கள் தெருவில் வீட்டு வாடகையை ஏற்றினார்கள். பிள்ளை பிறக்கும் முன்னே பெயர் வைக்கிறீர்களே என்று எங்கள் வீட்டுக்காரம்மாவிடமே கேட்டேன். கேட்டேனே தவிர, நானும் மனசுக்குள் பெயர் வைத்துக்கொண்டுதான் இருந்தேன். என் கணவர் லேத் ஓட்டுபவர், கை சுத்தமான வேலைக்காரர். அவர் இருந்த பட்டறையை மூடிவிட்டார்கள். வேலைக்கு எடுக்க வேண்டியவர்கள் பட்டியலில் முதல் பெயராக அவர் பெயரை அண்ணனே டைப் அடித்திருந்தார். எங்கள் பெண்ணுக்கு அப்போது எட்டு மாதம். மாமியார் படுத்த படுக்கை, நான் பள்ளிக்கூடத்தில் டீச்சர். அவருக்கு உள்ளூரில் வேலை கிடைக்காவிட்டால் குடும்பம் இரண்டாகப் பிரிய வேண்டும் என்பது அண்ணனுக்கு நன்றாகத் தெரியும்.

அந்த ஆட்கள் வருவதற்கு ஒரு வாரம் முன்னால் ஆபீஸில் ஒரு சம்பவம். மெஷின் விற்க வந்த வெளிநாட்டுக்காரரிடம் முதலாளி "யோசிக்கணும்" என்றார். அண்ணன், முதலாளி மனசைப் படித்தவராயிற்றே, "இவருக்கு வேண்டாம்" என்று மாற்றிச் சொல்லிவிட்டார். வந்தவர் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். முதலாளியோ பேரம் பேசத்தான் இழுத்துக்கொண்டிருந்தாராம். மொத்த ஆபீஸும் பார்க்க, பியூன் உட்பட, அண்ணனை நிற்க வைத்துப் பேசிவிட்டார்.

"நான் சொல்றதை மட்டும் சொல்லுங்க. உங்க சொந்தச் சரக்கைச் சேர்க்காதீங்க. கிளிப்பிள்ளை மாதிரி இருந்தா போதும்."

அன்றிலிருந்து அண்ணனுக்கு ஆபீஸில் ‘கிளி’ என்று பெயர். டைப்ரைட்டர் மேல் யாரோ ஒரு கொய்யாப்பழம் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். வீட்டில் வந்து அதைச் சொல்லிச் சிரித்தார். அந்தச் சிரிப்பு சிரிப்பு இல்லை என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை. எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் வீம்பு அதிகம். எனக்கு அது வாயில் இருக்கும், அவருக்கு உள்ளே இருக்கும்.

ஆறு பேர் வந்தார்கள். மூன்று நாள் சாலையைப் பார்த்தார்கள், மின்சாரத்தைப் பார்த்தார்கள், தெருத் தெருவாக லேத் பட்டறைகளைப் பார்த்துத் தலையாட்டினார்கள். கடைசி நாள் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து நேராகவே கேட்டுவிட்டார்கள்: கூட்டுச் சேர்கிறீர்களா, நிலத்தைத் தருகிறீர்களா? முதலாளி "பார்க்கலாம்" என்றார். அண்ணன் அதை அப்படியே, கூட்டாமல் குறைக்காமல், அவர்கள் மொழியில் சொன்னார். அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு, நன்றி சொல்லி, ஃபைலை மூடினார்கள். முதலாளியே தன் காரில் அவர்களை வழியனுப்பப் போனார்.

அடுத்த திங்கட்கிழமை அந்த நிலத்தில் புல்டோசர் இறங்கி முள்ளையெல்லாம் வழித்துப் போட்டது. ஊரே வேடிக்கை பார்த்தது. நானும் பெண்ணை இடுப்பில் வைத்துக்கொண்டு போய்ப் பார்த்தேன்.

ஆறு வாரம் கழித்துக் கடிதம் வந்தது. வேறொரு ஊரைத் தேர்ந்தெடுத்துவிட்டார்களாம். அந்தக் கடிதத்தையும் மொழிபெயர்த்துப் படித்தது அண்ணன்தான். தண்ணீர் வசதி போதாது என்று காரணம் எழுதியிருக்கிறார்கள் என்றார். முதலாளிக்கு ரோஷம் வந்துவிட்டது. ஒன்பது வருஷம் அமைச்சர் வீடு, அதிகாரி வீடு என்று நடையாய் நடந்து, அறுபது மைலுக்கு அப்பால் இருக்கும் அணையிலிருந்து ஊருக்குக் குழாய் கொண்டுவந்துவிட்டார். அந்தத் தண்ணீரைத்தான் இன்றும் குடிக்கிறோம்.

தண்ணீர் வந்தது, கம்பெனி வரவில்லை. என் கணவர் கம்பெனி போன ஊருக்கே போனார், பஸ்ஸில் ஒன்பது மணி நேரம். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை வருவார். முதல் தடவை வந்தபோது பெண் அவரைப் பார்த்து வீறிட்டு அழுதது. பதினான்கு வருஷம் இப்படியே ஓடியது. இடுப்பு வலியோடு அவர் திரும்பி வந்தபோது, பெண் விருந்தாளிகளுக்கு வைத்திருக்கும் டம்ளரில் அவருக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அவள் வேண்டுமென்று செய்யவில்லை. அவரும் குடித்துவிட்டு டம்ளரைத் திருப்பிக் கொடுத்தார்.

முதலாளி இறந்தபோது அண்ணன் ஓய்வுபெற்று ஆறு வருஷம் ஆகியிருந்தது. இரங்கல் கூட்டத்தில் தொழிலதிபர்கள் வரிசையாக மேடையேறி, ஒரு கம்பெனி கைவிட்டுப் போனதைச் சவாலாக எடுத்து ஊருக்கே தண்ணீர் தந்த மகான் என்று பேசினார்கள். அண்ணனையும் பேசச் சொன்னார்களாம். தொண்டை சரியில்லை என்று எழுந்து நேரே என் வீட்டுக்கு வந்துவிட்டார். மத்தியானம் மூன்று மணி. நான் சாப்பாட்டு மேஜையில் பரீட்சைப் பேப்பர் திருத்திக்கொண்டிருந்தேன்.

உட்காரக்கூட இல்லை. கடிதத்தில் தண்ணீர் என்று ஒரு வார்த்தையும் இல்லை என்றார். நீங்கள் அக்கறை காட்டாததால் வேறு இடம் பார்த்துக்கொண்டோம் என்றுதான் எழுதியிருந்தார்களாம். எனக்கு ஒன்றும் புரியவில்லை. அப்போதுதான் பேனா விஷயத்தை முதல் முறையாகச் சொன்னார், மூடினால் ஒன்று, மூடாவிட்டால் ஒன்று என்று.

"அன்னிக்கு அவர் மூடினாரும்மா. பையில செருகினாரு. அதைப் பார்த்துக்கிட்டேதான் நான் வெறும் வார்த்தையை மட்டும் சொன்னேன்."

"ஏன்?"

"கிளின்னாங்கல்ல. கிளி எப்படிச் சொல்லும்னு காட்டலாம்னு."

வழியனுப்பும்போது திருத்திச் சொல்லிவிடலாம் என்று இருந்தாராம். காரில் இடம் இல்லை என்று அவரை ஏற்றவில்லை. கடிதம் எழுதலாம் என்று நினைத்து, புல்டோசர் வந்ததும் பயந்து, நாள் தள்ளி, கடைசியில் அவர்கள் கடிதமே வந்துவிட்டது. அந்தத் தண்ணீர் வந்த நாளிலிருந்து குழாயைத் திறக்கும்போதெல்லாம் நெஞ்சை அடைக்கிறது என்றார். பதினான்கு வருஷம், ஒரு வார்த்தை. அவர் ஆபீஸ் ரோஷத்துக்கு நான் ஏன் கட்டிய கணவனை பஸ் ஸ்டாண்டில் வழியனுப்பிக்கொண்டே இருந்தேன் என்று கேட்க வாய் துறுதுறுத்தது. அன்றைக்குப் பார்த்து என் வாயும் எழவில்லை.

வாசல்வரை போனவர் திரும்பினார்.

"மாப்பிள்ளைகிட்ட நீயே சொல்லிடு. என்கிட்ட பழைய மாதிரி பேசுவியாம்மா?"

"பார்க்கலாம்" என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் கையைப் பார்த்தார். சிவப்புப் பேனா திறந்தபடியே இருந்தது. மூடி மேஜை மேல், என் சுண்டு விரலுக்குப் பக்கத்தில் கிடந்தது. அவர் எதைப் பார்க்கிறார் என்று எனக்குத் தெரியும். ஐந்து நிமிஷம் முன்னால் அவரே சொல்லிக்கொடுத்ததுதான். கொஞ்சம் தவிக்கட்டும் என்று அடுத்த பேப்பரை எடுத்தேன். செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை போய்ப் பேசிவிட வேண்டும் என்றுதான் இருந்தேன். பேப்பர் முடியட்டும், ரிசல்ட் முடியட்டும் என்று நானும் நாள் தள்ளினேன். ஐந்தாவது வாரம் அண்ணன் தூக்கத்திலேயே போய்விட்டார். என் கணவருக்கு விஷயத்தைச் சொன்னேன். "மனுஷன் இத்தனை வருஷம் இதைத் தனியாவா சுமந்தாரு" என்றார். எனக்கு அது தோன்றவில்லையே.

நான் சொன்ன பார்க்கலாமுக்குச் சரி என்றுதான் அர்த்தம். ஒரு மூடியைப் போட எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்?